நாற்பத்தொன்றாவது நாள்

“நாப்பது நாள் என்னால முடியுது. நாப்பத்தொண்ணாம் நாள் ஏன் முடியல?”

கஸ்பார் இதைக் குழிக்குள் நின்றவனிடம் கேட்டான்.

குழிக்குள் நின்றவன் வியாகப்பன். அந்தக் கடற்கரை ஊரின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவன். கஸ்பாரைவிடப் பதினான்கு வயது இளையவன். பதினோரு வருடமாகக் குடிக்காதவன்.

குடியை விட நினைத்தவர்கள் முதலில் சாமியாரிடம் போவார்கள். பிறகு டாக்டரிடம். கடைசியாக வியாகப்பனிடம். எப்படியும் அவனிடம் வந்துதானே ஆக வேண்டும் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

வியாகப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

“அந்தப் பலகையை இப்படித் தாங்க, அண்ணே.”

கஸ்பார் பலகையைக் கொடுத்தான். வியாகப்பன் அதைக் குழியின் பக்கவாட்டில் நிறுத்தி முட்டுக் கொடுத்தான். கடற்கரை மணல் உலர்ந்தால் நிற்காது, சரியும். தண்ணீர் ஊற்றி நனைத்து, வெட்டி, பலகை வைத்து, மறுபடியும் நனைக்க வேண்டும்.

அவன் மேலே ஏறிக் குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனான். நேராகப் போகவில்லை. சிலுவைகளுக்கு நடுவே ஒரு தடம் இருந்தது. குடத்திலிருந்து சிந்திச் சிந்தி இறுகிய தடம். அது ஓரிடத்தில் பெரிதாக வளைந்தது. நேரானது. இன்னோரிடத்தில் மறுபடியும் வளைந்தது.

“நேரா வந்தா இருபது எட்டு. எதுக்கு ஊரைச் சுத்துற?” என்றான் கஸ்பார்.

“பழகிட்டு.”

“குழி யாருக்கு?”

“அக்னேசு ஆச்சிக்கு. சாயந்தரம் அடக்கம்.”

வியாகப்பன் அளவுக்கம்பை எடுத்துக் குழியில் நீட்டி வைத்துப் பார்த்தான். தலைமாட்டில் இன்னும் இரண்டு விரற்கடை வெட்டினான்.

“அந்தக் கம்பைத் தூர வையிடே. அது என்னையே பாக்குற மாதிரி இருக்கு.”

“உங்களுக்கு அஞ்சே முக்கால் அடி போதும்.”

கஸ்பார் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

*

அது பெரிய வாரத்தின் செவ்வாய்க்கிழமை. ஈஸ்டருக்கு ஐந்து நாள் இருந்தது.

கஸ்பார் குழியின் விளிம்பில் உட்கார்ந்து சொன்னான்.

“நாங்க ஒரே வள்ளத்துல நாலு பேர். லெயோன், தொம்மை, சவேரி, நான். ஊருக்கே தெரியும், குடிகார வள்ளம்னு. ஒரு வருஷம் தபசு காலம் தொடங்குற சாம்பல் புதன் அன்னைக்கு, நெத்தியில சாம்பலோட தொம்மை ஒரு பாட்டிலைக் கொண்டு வந்தான். வள்ளத்துக்குப் பக்கத்துல குழி தோண்டிப் புதைச்சான். ‘ஆண்டவருக்கு மூணு நாளு. நம்ம ஆளுக்கு நாப்பது நாளு’ன்னான்.”

“சிரிச்சீங்களா?”

“சிரிச்சோம். ஆனா நாப்பது நாளும் ஒருத்தனும் தொடல. எவன் முதல்ல தோண்டுவான்னு ஒருத்தன் மேல ஒருத்தனுக்குக் கண்ணு. ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலம் நாலு பேரும் சேர்ந்து தோண்டுவோம். அப்படியே இருபது வருஷம்.”

“பெறகு?”

“பெறகு என்ன, ஒவ்வொருத்தனையா நீதானே குழி வெட்டி இறக்குன.”

வியாகப்பன் மண்ணை அள்ளி வெளியே போட்டான்.

“இப்ப நான் மட்டுந்தான். வீட்டுக்காரி மக வீட்டுக்குப் போயி ஆறு வருஷமாச்சு. போன் போட்டா அவ எடுக்கா, மூச்சு கேக்குது, பேச மாட்டேங்கா. வீட்ல ஒரு பல்லி இருக்கு. அதுகிட்டதான் பேசுறேன். அதுவாவது பதில் சொல்லுது.”

“போன ஈஸ்டருக்கு?”

“உனக்குத் தெரியாதா? குடிச்சேன். ரத்தம் கக்கினேன். டாக்டர் சொல்லிட்டாரு. இனி ஒரு பாட்டில், அவ்வளவுதான்னு.”

“இந்தச் சாம்பல் புதனுக்கு?”

கஸ்பார் விளிம்பு மணலை விரலால் கிளறினான். காற்றில் ஒரு மரச்சிலுவை கிறீச்சிட்டது.

“புதைச்சேன்,” என்றான் கடைசியில். “ஏன் புதைச்சேன்னு கேக்காத. அது இல்லன்னா, பண்டிகைக்கு எனக்குன்னு ஆளே கிடையாது.”

வியாகப்பன் கேட்கவில்லை. வேறொன்று கேட்டான்.

“இத்தனை நாளும் எதை நினைச்சீங்க?”

“ஆண்டவரோட பாடுகளை. சிலுவைப்பாதைக்கு ஒரு வெள்ளி தப்பாமப் போயி, பதினாலு தலத்துலயும் முழங்கால் போட்டேன்.”

வியாகப்பன் மண்வெட்டியில் கையை ஊன்றிக் காத்திருந்தான்.

“பாட்டிலை,” என்றான் கஸ்பார்.

“பதினாலு தலத்துலயும்?”

“பதினாலு தலத்துலயும்.”

“அப்ப நீங்க எந்த நாளு நிறுத்துனீங்க?”

கஸ்பாருக்கு முகம் கறுத்தது. எழுந்து நின்றான்.

“குத்திக் காட்டாதடே. வழி சொல்லு. போய்த் தோண்டி உடைன்னு சொல்லு, உடைக்கேன்.”

“போன வருஷம் சாமியார் சொன்னாரே.”

“உடைச்சேன்லா. அவரு வீட்டு முத்தத்துல கொண்டு போயே உடைச்சேன்.”

“மறுநாளு?”

“வேற வாங்கிட்டேன்.”

இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். கடல் அவர்களைக் கவனிக்கவில்லை.

“நீ எப்படி விட்ட? அதையாவது சொல்லு.”

வியாகப்பன் அளவுக்கம்பைக் காட்டினான்.

“எங்க அம்மாவுக்கு நானே வெட்டினேன். நல்ல போதை. அரை அடி குறைஞ்சிட்டு. பெட்டி இறங்கல. ஊரே வெயில்ல நிக்குது, சாமியார் புத்தகத்தை விரிச்சுக்கிட்டு நிக்காரு. அம்மாவைத் தரையில வச்சுட்டு நான் மறுபடியும் வெட்டுறேன்.”

“அன்னைக்கு விட்டுட்ட.”

“இல்ல. அன்னைக்குக் கூடக் கொஞ்சம் குடிச்சேன்.”

“பெறகு எப்பத்தான் விட்ட?”

“அந்தப் பழைய சாமியார் மறுநாளு காலையில பூசைக்கு முன்னாடி என் வாசல்ல வந்து நின்னாரு. ‘இருக்கியா?’ன்னாரு. ‘இருக்கேன்’னேன். போயிட்டாரு. அடுத்த நாளும் வந்தாரு. ‘இருக்கியா?’ ‘இருக்கேன்.’ எட்டு மாசம். ஒரு புத்தி சொல்லல. ஒரு நாள் அவரு வாரதுக்கு முன்னாடி நானே கோயிலுக்குப் போயி நின்னேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“எனக்கு வாசல்ல வந்து நிக்க ஆள் இல்ல,” என்றான் கஸ்பார்.

வியாகப்பன் குனிந்து வெட்டினான்.

கஸ்பார் குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

“அப்ப நீ ஒரு காரியம் செய். நீயே அதை எடுத்துப் போட்டிரு. இடத்தைச் சொல்லுதேன். லெயோனோட...”

“சொல்லாதீங்க.”

வியாகப்பன் கத்தியதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறி, வளைந்த தடத்தில் விறுவிறுவென்று நடந்து, பம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். அதே தடத்தில் திரும்பி வந்தான்.

“என்னால முடியாது, அண்ணே.”

“ஒரு பாட்டிலை எடுத்துப் போட முடியாதா?”

“முடியாது.”

“நீயும் எல்லாரையும் மாதிரிதான். பதினோரு வருஷம் பதினோரு வருஷம்னு பேரு. கை அழுக்காகக் கூடாது, இல்ல?”

வியாகப்பன் குழிக்குள் இறங்கினான். கஸ்பார் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஞாயித்துக்கிழமை விடியவும் வாங்க. மம்பட்டியோட.”

“நீ சொல்லாட்டாலும் வரத்தான் போறேன்,” என்றான் கஸ்பார்.

*

புதன் போயிற்று. வியாழன் போயிற்று.

பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்கு ஊர் முழுக்க வரிசையில் நின்று சிலுவையை முத்தமிட்டது. கஸ்பாரும் நின்றான். குனிந்து மரத்தில் வாய் வைத்தபோது பிராந்தியின் நெடி நினைவுக்கு வந்தது. வேண்டுமென்று நினைக்கவில்லை. அதுவாக வந்தது.

நான் இவரை ஒரு நாளாவது முத்தமிட்டிருக்கிறேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

தெரியவில்லை.

வரிசையில் அவனுக்குப் பின்னால் எட்டாவது ஆளாக வியாகப்பன் நின்றான். கண்ணை மூடியிருந்தான். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

*

ஞாயிறு. கிழக்கே வெளுத்திருந்தது. ஊர் ராத்திரிப் பூசை முடித்துத் தூங்கியது. ஒன்றிரண்டு வீடுகளில் மட்டும் ஆப்பச்சட்டி காயும் வாசம்.

கஸ்பார் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான். உடம்பு இலேசாக இருந்தது. அவனுக்கே வெட்கமாக இருந்தது, கலியாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இருந்தது.

வியாகப்பன் தூரத்தில், மதில் ஓரத்தில் நின்றான். கிட்டே வரவில்லை.

கஸ்பார் லெயோனின் கல்லறைக்குப் போய்க் கால்மாட்டில் வெட்டினான். லெயோன் போன பிறகு பாட்டிலைப் புதைக்கிற இடம் அதுதான். நாலாவது வெட்டில் ‘டிங்’ என்றது. கையால் மணலைத் தள்ளி எடுத்தான். கண்ணாடியில் ஈரம். முழுசாக இருந்தது.

“வா, வியாகப்பா. நீதானே வரச் சொன்ன.”

“வரமாட்டேன்.”

“ஏன்?”

“நாலு வருஷமா எனக்குத் தெரியும், அண்ணே. அது அங்க இருக்குன்னு.”

கஸ்பார் பாட்டிலோடு அப்படியே நின்றான்.

“தபசு காலத்துலதானே தொம்மை அண்ணன் செத்தாரு. லெயோன் அண்ணனுக்குப் பக்கத்துலயே வெட்டச் சொன்னாங்க. வெட்டும்போது மம்பட்டி கண்ணாடியில தட்டிச்சு. மூடிட்டேன். அதுக்கு அடுத்த வருஷமும் இருந்துச்சு. தோண்டிப் பாக்க வேண்டாம். ஒரு தடவை கிளறின மணலை எனக்குத் தெரியும்.”

“எடுத்துப் போட்டிருக்கலாமே.”

“எடுக்கணும்னா தொடணும்.”

காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது.

“சாமியாரிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீங்க இடத்தை மாத்திருவீங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்சா சுத்திப் போலாம். தெரியலன்னா நான் எல்லாக் கல்லறையையும்லா தோண்டுவேன்.”

கஸ்பார் கீழே பார்த்தான். லெயோனின் சிலுவையை விட்டு விலகி, பெரிதாக வளைந்து போகிற அந்தத் தடம். குடம் சிந்திச் சிந்தி இறுகின தடம். அதை அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை கேலி செய்தான்.

“அப்ப நாப்பது நாளும் நீ...”

“ஜெபம் பண்ணுவேன்.”

“என்னன்னு?”

வியாகப்பன் தயங்கினான்.

“‘ஆண்டவரே, இன்னைக்கு அவரும் தொடக்கூடாது, நானும் தொடக்கூடாது.’ அவ்வளவுதான். குடம் எடுக்கும்போது, வைக்கும்போது.”

“நாப்பது நாளும்?”

“நாப்பது நாளும்.”

“இன்னைக்கு?”

“அதைத்தான் செவ்வாய்க்கிழமை கேட்டீங்க, நாப்பத்தொண்ணாம் நாள் ஏன் முடியலன்னு. எனக்குப் பதில் தெரியும். சொல்ல வெட்கமா இருந்துச்சு.” வியாகப்பனின் குரல் தாழ்ந்தது. “ஈஸ்டர் அன்னைக்கு நீங்க அதை எடுத்துட்டுப் போயிருவீங்க. அது போயிட்டுன்னு நானும் ஜெபத்தை நிறுத்திருவேன். போன வருஷம் நீங்க இங்க ரத்தம் கக்கிக் கிடந்தப்ப, வலை காய வைக்க வந்தவங்கதான் தூக்கிட்டுப் போனாங்க. நான் வீட்ல தூங்கிட்டிருந்தேன். நாப்பது நாளுக்குப் பெறகு நல்ல தூக்கம்.”

கஸ்பார் லெயோனின் சிலுவையைப் பிடித்துக்கொண்டான்.

இருபது வருடம் மூன்று பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு யாருமே பார்க்கவில்லை என்று நினைத்திருந்தான்.

“இங்கேயே ஊத்திடுதேன்,” என்றான்.

“ஊத்தாதீங்க. வாசம் வரும்.”

“உடைச்சா?”

“அப்பவும் வரும். நான் இங்கதான் தினமும் வேலை செய்யணும்.”

“கடலுக்குக் கொண்டு போறேன்.”

“போங்க.”

கஸ்பார் பத்து எட்டு நடந்தான். நின்றான்.

“தனியாப் போனா குடிச்சிருவேன்.”

“கிட்ட வந்தா நான் குடிச்சிருவேன்.”

இரண்டு பேரும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

கடைசியில் வியாகப்பன் சொன்னான்: “நீங்க முன்னால போங்க. இருபது எட்டு தள்ளி வாரேன். திரும்பிப் பாக்காதீங்க. கண்ணுல காட்டாதீங்க.”

கஸ்பார் பாட்டிலை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு நடந்தான். பின்னால் மணலில் காலடி கேட்டது. முணுமுணுப்பு கேட்டது. பனைகளைத் தாண்டி, வள்ளங்களைத் தாண்டி நடந்தார்கள். ஓரிடத்தில் முணுமுணுப்பு நின்றது.

கஸ்பாரின் விரல் மூடியின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவனுக்குத் தெரியாது.

“வியாகப்பா, இருக்கியா?”

பதில் இல்லை.

“வியாகப்பா!”

“இருக்கேன். முள்ளு குத்திட்டு. நடங்க.”

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மூடியோடு எறிந்தால் கடல் வைத்துக்கொள்ளாது, சாயங்காலமே கரையில் கொண்டு வந்து போடும். கடல்தொழில் செய்தவனுக்கு அது தெரியும். திறக்கத்தான் வேண்டும்.

“திறக்கப் போறேன்,” என்று கத்தினான். “கரைக்காத்துதான். உனக்கு வாசம் வராது.”

“உங்களுக்கு?”

“எனக்கு வரும்.”

“சத்தமாச் சொல்லட்டா?”

“சொல்லு.”

வியாகப்பன் சொன்னான். கத்திச் சொன்னான். ஜெபம் மாதிரி இல்லை, மூழ்குகிறவனைக் கரையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கஸ்பார் மூடியைத் திருகினான். நெடி மூக்கில் ஏறியது. வாயில் எச்சில் ஊறியது. கை மேலே வந்தது. முகத்துக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் வந்தது.

அவரும் தொடக்கூடாது. நானும் தொடக்கூடாது.

கஸ்பார் கையைக் கவிழ்த்தான்.

ஊற்றி முடிந்ததும் பாட்டிலை அலையில் மூன்று முறை கழுவினான். பிறகு கடலுக்குள்ளேயே நின்று அழுதான். வியாகப்பன் இருபது எட்டு தள்ளிக் கரையில் உட்கார்ந்திருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு.

*

மண்வெட்டி கல்லறைத் தோட்டத்தில் கிடந்தது. எடுக்கத் திரும்பி வந்தார்கள்.

வியாகப்பன் முன்னால் நடந்தான். தடம் லெயோனின் கல்லறையை விட்டு வளைகிற இடத்தில் நின்றான். ஒரு காலைத் தூக்கி, தடத்துக்கு வெளியே, கால்படாத மணலில் வைத்தான். பிறகு மற்றக் காலை. லெயோனின் சிலுவையை ஒட்டி நேராக நடந்தான். நாலு வருடத்துக்குப் பிறகு.

கஸ்பாருக்கு நெஞ்சு நிறைந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனான்.

சவேரியின் சிலுவை வந்தது.

வியாகப்பன் வளைந்தான்.

திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் போல, இறுகிய தடத்தில், சுற்றிக்கொண்டு போனான்.

கஸ்பார் நின்றுவிட்டான்.

சாமியார் வீட்டு முற்றத்தில் உடைத்த மறுநாள் அவன் வாங்கியது இரண்டு பாட்டில். ஒன்று போனாலும் ஒன்று இருக்க வேண்டும். இந்த வருடமும் இரண்டு. இரண்டாவது சவேரியின் கால்மாட்டில் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. கடலில் நின்று அழுதபோதும் அது அவனுக்கு மறக்கவில்லை.

வியாகப்பன் இரண்டாவது வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

“வியாகப்பா.”

“என்ன, அண்ணே?”

“கொஞ்சம் நில்லு. திரும்பாத.”

வியாகப்பன் நின்றான். அவன் தோள் ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது. பிறகு அவன் இன்னும் கொஞ்சம் முன்னால் போனான். ஒவ்வொரு எட்டாக எண்ணிக்கொண்டு போய், இருபதாவது எட்டில் நின்று, கண்ணை மூடினான்.

“ஆண்டவரே, இன்னைக்கு அவரும் தொடக்கூடாது,” என்றது குரல்.

“அவனும்,” என்று சொல்லி கஸ்பார் மண்வெட்டியை மணலில் இறக்கினான்.